மூலமும் உரையும்

பழைய தமிழ் நூல்களின் முகப்பில் ‘மூலமும் உரையும்’ என்று அச்சிட்டிருக்கும். மேலே பாட்டு, கீழே உரை. பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் வாய்க்காதவர்கூட உரையாசிரியரின் விரலைப் பிடித்துக்கொண்டு மூலத்துக்குள் இறங்கிவிடலாம். 1976, 77 ஆண்டுகளில் சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கணினியியல் கற்பித்துக்கொண்டிருந்த ஜான் லயன்ஸ், தம் மாணவர்களுக்காகச் செய்ததும் இதே காரியம்தான். யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பை எடுத்துக்கொண்டார். அதன் மையப்பகுதியின் மூலநிரல் ஏறக்குறைய 9000 வரிகள். வரிகளுக்கெல்லாம் எண் கொடுத்து அதை ஒரு தொகுதியாக்கினார். அந்த எண்களைச் சுட்டி, நிரலின் ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது, ஏன் அப்படிச் செய்கிறது என்று விளக்கி இன்னொரு தொகுதி எழுதினார். மூலம் ஒரு பக்கம், உரை மறு பக்கம் என்று மேசையில் விரித்து வைத்துக்கொண்டு மாணவர்கள் படித்தார்கள்.

மென்பொருள் படிக்கும் மாணவர் திறந்த மூல உலகுக்குள் எப்படி நுழைவது என்று யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவை அந்த இரண்டு தொகுதிகள்தாம்.

அந்த வாசிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பு வந்தபோது, அதன் உரிமையாளரான ஏடி அண்ட் டி நிறுவனம், மூலநிரலை வகுப்பறையில் பாடமாக வைக்கக் கூடாது என்று உரிமத்தில் நிபந்தனை போட்டது. யூனிக்ஸைப் பயன்படுத்தலாம், அது உள்ளே எப்படி இயங்குகிறது என்று மாணவருக்குத் திறந்து காட்டக் கூடாது. லயன்ஸின் உரையும் உரிமம் பெற்ற இடங்களைத் தாண்டிப் போகக் கூடாத நூலாகிவிட்டது. மாணவர்கள் விடவில்லை. ஒளிநகல், அந்த ஒளிநகலுக்கு ஓர் ஒளிநகல் என்று எழுத்து மங்கி மங்கி அது பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகக் கைமாறியது. சுவடி பெயர்த்து எழுதியவர்களின் வழிவந்தவர்கள் என்றே அவர்களைச் சொல்ல வேண்டும். முறைப்படி அது புத்தகமாக வெளிவந்தது 1996இல். அதற்குள் ஒரு தலைமுறையே அதைக் களவாகப் படித்து முடித்திருந்தது.

வகுப்பறையில் மூலநிரல் இல்லாமல் இயங்குதளத்தை எப்படிக் கற்பிப்பது என்று ஆம்ஸ்டர்டாமில் ஒரு பேராசிரியர் தவித்தார். ஆண்ட்ரூ தனன்பாம் அவர் பெயர். யூனிக்ஸைக் காட்ட முடியாது என்றால் யூனிக்ஸைப் போன்ற ஒன்றை நாமே எழுதிக் காட்டுவோம் என்று மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தை உருவாக்கி, 1987இல் அதன் மூலநிரலோடு பாடநூலாகவே வெளியிட்டார். அந்தப் பாடநூலைப் படித்தவர்களில் ஒருவர் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991 ஜனவரியில் 386 கணினி ஒன்றை வாங்கினார்; மினிக்ஸை அதில் ஏற்றிப் பார்த்தார்; போதாமைகளைக் கண்டார்; தாமே ஒன்று எழுதத் தொடங்கினார். ஆகஸ்ட் 25 அன்று, பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக உலகத்துக்குச் சொன்னபோது அவருக்கு வயது 21. அதுதான் லினக்ஸ்.

இந்தக் கதையை நம் கல்லூரி விழாக்களில் சொல்பவர்கள் ‘ஒரு மாணவர் தனியாக உட்கார்ந்து எழுதினார்’ என்ற இடத்தில் நிறுத்தி, அவையின் கைத்தட்டலை வாங்கிக்கொள்கிறார்கள். எழுதுவதற்கு முன்னால் அவர் படித்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. தனன்பாமின் நூல் படிக்கக் கிடைத்ததால்தான் அவருக்கு எழுத வந்தது. யூனிக்ஸைப் படிக்க விடாததால்தான் தனன்பாமுக்கு மினிக்ஸை எழுத நேர்ந்தது. லினக்ஸின் பிறப்புக்குப் பின்னால் வாசிப்பும் வாசிப்புக்கு விதித்த தடையும் பின்னிக் கிடக்கின்றன.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனின் கோபமும் இதே இடத்தில் பிறந்ததுதான். அவர் வேலை செய்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் இருந்த அச்சு இயந்திரத்தில் அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும். பழைய இயந்திரத்தின் நிரல் கையில் இருந்ததால், தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி அவர் அதைத் திருத்தி வைத்திருந்தார். 1980ஐ ஒட்டி ஜெராக்ஸ் நிறுவனம் கொடுத்த புதிய இயந்திரத்துக்கு மூலநிரல் வரவில்லை. நிரலை வைத்திருந்த ஒரு பேராசிரியரிடம் போய்க் கேட்டார். தர மாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறேன் என்று அவர் கைவிரித்துவிட்டார். யூனிக்ஸைப் போன்ற கட்டற்ற இயங்குதளம் ஒன்றை எழுதும் குனு திட்டத்தை 1983இல் ஸ்டால்மன் அறிவித்ததற்கும், 1989இல் குனு பொது உரிமம் வந்ததற்கும் அந்த அனுபவம் ஒரு விதை. 1992இல் லினக்ஸும் அந்த உரிமத்தின் கீழ் வந்தது. நாம் தமிழில் கட்டற்ற மென்பொருள் என்று சொல்லும்போது அதற்கு அவர் வகுத்த நான்கு உரிமைகளைத்தான் குறிக்கிறோம்: இயக்கலாம், படித்துப் பார்த்துத் திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், திருத்தியதையும் கொடுக்கலாம். இவற்றுள் படித்துப் பார்ப்பதுதான் மாணவருக்கு உயிரான உரிமை என்று நினைக்கிறேன்.

இனி நம் ஊர் மாணவருக்கு வருவோம்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஒன்றின் ஆய்வகப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். மாணவர்கள் ‘ரெக்கார்ட் நோட்’ என்பார்கள். எய்ம், அல்காரிதம், ப்ரோகிராம், அவுட்புட், ரிசல்ட் என்று ஐந்து தலைப்புகள். கடைசியில், நிரல் வெற்றிகரமாக இயங்கிச் சரிபார்க்கப்பட்டது என்று ஒரே வாக்கியம், எல்லாப் பயிற்சிக்கும். ஒவ்வொரு நிரலும் வெற்றுத் தாளில் தொடங்கி, இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். நான்கு ஆண்டுகளில் ஐம்பது அறுபது நிரல்களை மாணவர் இப்படி எழுதுகிறார். முன்பின் தெரியாத ஒருவர் பத்தாண்டுக்கு முன் எழுதிய பத்தாயிரம் வரிகளை உட்கார்ந்து படி என்று மட்டும் யாரும் அவரிடம் சொல்வதில்லை. இலக்கியம் படிக்கும் மாணவருக்கு ஒரு நூலைக்கூட முழுதாகக் காட்டாமல், தினம் ஒரு வெண்பா எழுதிக்கொண்டு வா என்று அனுப்பினால் எப்படி இருக்கும்? நம் கணினிக் கல்வி அப்படித்தான் இருக்கிறது. வேலைக்குப் போன முதல் நாள் அவர் கையில் கொடுக்கப்படுவது என்னவோ, வேறு யாரோ எழுதிய பல லட்சம் வரிகள்.

மூன்றாம் ஆண்டு வந்ததும் பிளேஸ்மென்ட் பயம் பிடித்துக்கொள்கிறது. ‘சார், ஓப்பன் சோர்ஸ்ல எப்படி சார் கான்ட்ரிப்யூட் பண்றது?’ என்று கேட்கிறார்கள். ‘எந்த மென்பொருளுக்கு, தம்பி?’ என்று திருப்பிக் கேட்டால், ‘ஏதாவது ஒண்ணு சார், ஈஸியா இருந்தா போதும்’ என்று பதில் வருகிறது. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுயவிவரத்தில் அந்த ஒரு வரி இருந்தால் வேலை கிடைக்கும் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். வரியைச் சொன்னோம், வழியைச் சொல்லவில்லை.

இதன் விளைவை உலகம் இரண்டு முறை கண்கூடாகப் பார்த்தது. அக்டோபர் மாதத்தில் திறந்த மூல மென்பொருள்களுக்கு நான்கு திருத்தங்களை அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் என்று அறிவித்த திருவிழா ஒன்று உண்டு, ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்று. 2020இல் அது தொடங்கிய சில நாட்களிலேயே, உலகெங்கும் அந்த மென்பொருள்களைப் பராமரிப்பவர்களின் வாசலில் பொருளற்ற திருத்தங்கள் குவிந்தன. விளக்கக் கோப்பில் ஓர் உரிச்சொல்லைச் சேர்ப்பது, ஒரு தலைப்பை மாற்றுவது, அவ்வளவுதான். எப்படி எளிதாகச் செய்யலாம் என்று காட்டிய ஓர் இந்தியக் காணொளியும் அதற்கு ஒரு காரணம். நடத்தியவர்கள் நடுவிலேயே விதியை மாற்றி, முன்வந்து ஒப்புக்கொண்ட திட்டங்களுக்கு மட்டும் என்று குறுக்க வேண்டியதாயிற்று. 2024இல் எக்ஸ்பிரஸ் என்ற புகழ்பெற்ற நிரல்தொகுப்புக்கு, தம் பெயரை விளக்கக் கோப்பில் எழுதிவைக்கும் திருத்தங்களை நம் மாணவர்கள் நூற்றுக்கணக்கில் அனுப்பினார்கள். பயிற்சிக் காணொளியில் பார்த்ததை அப்படியே செய்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் இருப்பவர் ஊதியமில்லாமல், வேலை முடிந்த பிறகு இரவில் உட்கார்ந்து, அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து மூட வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

படிக்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது நாம் வங்கித் தளத்தில் கடவுச்சொல் அடிக்கும்போது அதை மறையாக்கி அனுப்பும் மென்பொருள்களில் ஒன்று. 2011 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டு பிறக்கச் சற்று நேரம் இருக்கையில், அதில் ஒரு புதிய வசதி சேர்ந்தது. எழுதியவர் ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவர். நல்ல நோக்கம், பயனுள்ள வேலை. ஓர் இடத்தில் மட்டும், எதிர்முனை சொல்லும் நீளம் உண்மையான நீளம்தானா என்று சரிபார்க்க மறந்துவிட்டார். அதைப் பரிசோதித்தவர் கண்ணிலும் அது படவில்லை. 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பெயரில் அந்த வழு வெளிப்பட்டபோது உலகமே பதறியது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அந்த வரிகள் யாரும் படிக்கலாம் என்ற நிலையில் திறந்துதான் கிடந்தன. அப்போதுதான் இன்னொன்றும் தெரியவந்தது: அந்தத் திட்டத்துக்கு ஆண்டொன்றுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை ஏறக்குறைய 2000 டாலர், முழுநேரமாக வேலை செய்தவர் ஒருவர்.

பத்து ஆண்டுகள் கழித்து நடந்தது இன்னும் கொடுமை. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளைத் தனியொருவர் நெடுங்காலமாகப் பராமரித்துவந்தார். களைத்துப்போயிருந்தார். உதவிக்கு வந்தவர்போல் ஒருவர் 2021 முதல் சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பி, நம்பிக்கையைச் சம்பாதித்து, பராமரிப்பு உரிமையையும் பெற்றார். 2024இன் தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அவர் ஒரு கள்ளக்கதவை வைத்தார். சோதனைக் கோப்புகளுக்குள் அதை ஒளித்து, அதைக் கிளப்பிவிடும் வரிகளைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்காமல், வெளியீட்டுப் பொதியில் மட்டும் சேர்த்திருந்தார். களஞ்சியத்தை மட்டும் படித்தவர் கண்ணில் அது பட்டிருக்காது. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற பொறியாளர். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் நேரம் அரை விநாடி கூடியிருப்பதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று விடாமல், அது ஏன் என்று நூல் பிடித்துக்கொண்டே போய், மார்ச் 29 அன்று உலகை எச்சரித்தார். உலகின் பெரும்பாலான சர்வர்களுக்குள் அந்தக் கதவு போய்ச் சேரும் முன்னால் அது மூடப்பட்டது. கோடிக்கணக்கானோரைக் காத்தது ஒரு மனிதரின் பொறுமையான வாசிப்பு.

ஆகவே, தொடங்க விரும்பும் மாணவருக்கு என் யோசனை எளிமையானது. தினமும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். மூலநிரலை இறக்கி, உங்கள் கணினியிலேயே கட்டி இயக்கிப் பாருங்கள். பெரும்பாலும் முதல் நாள் அது கட்டாது, அந்தப் போராட்டத்திலேயே பாதிப் பாடம் இருக்கிறது. பிறகு ‘கிட்’ கருவியில் பழைய பதிவுகளைப் புரட்டுங்கள். டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய கருவி அது. எந்த வரியையும் காட்டி, இதை யார், எந்த நாளில், என்ன காரணம் சொல்லிச் சேர்த்தார்கள் என்று கேட்டால் அது சொல்லும். இரண்டு மூன்று மாதம் படித்தவருக்கு, திருத்த வேண்டிய இடம் எது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தமிழ் மாணவருக்கு ஒரு நல்ல நுழைவாயில் நம் மொழியிலேயே இருக்கிறது. பைத்தான் நிரல்மொழியைத் திறந்து ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேளுங்கள். ஐந்து என்று விடை வரும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை மூன்று என்று சொல்லும். கணினிக்கு மி என்பது ம, இகரக் குறி என்று இரண்டு. ழ் என்பது ழ, புள்ளி என்று இரண்டு. நீளத்தைப் பைட்டில் அளக்கும் மொழிகளில் அதே சொல்லைக் கொடுத்துக் கேட்டால் 15 என்று வரும். இப்போது அந்தச் சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லுங்கள். புள்ளி முதலில் வந்து அநாதையாக நிற்கும். இகரக் குறி இடம் மாறி ழகரத்தோடு ஒட்டி ‘ழி’ என்றாகும். பிறகு ம, பிறகு த. இப்படிப் பிழையாகத் திருப்பும், பிழையாக வெட்டும், பிழையாக வரிசைப்படுத்தும் மென்பொருள்கள் நம்மைச் சுற்றி ஏராளம்.

எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் மற்றவர்களும் சேர்ந்து வளர்த்த ‘ஓப்பன் தமிழ்’ நிரல்தொகுப்பு இந்தச் சிக்கலை எதிர்கொள்வதற்காகவே இருக்கிறது. அதில் எழுத்துகளைப் பிரிக்கும் பகுதியைப் படித்துப் பாருங்கள். உயிரெழுத்துகள், மெய்கள், உயிர்மெய்கள் என்று நாம் பள்ளியில் ஒப்பித்த அட்டவணை அங்கே நிரலாக நிற்கும். ‘க்ஷ’ ஓர் எழுத்தா, இரண்டா? ஆய்தத்தை அகர வரிசையில் எங்கே வைப்பது? இக்கேள்விகளுக்கு விடை சொல்ல, நிரலோடு தமிழ் இலக்கணமும் தெரிந்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் உட்கார்ந்திருக்கும் எவ்வளவு பெரிய பொறியாளரும் இங்கே நம் மாணவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். தமிழ்க் கணிமைச் சொல்லகராதியில் ‘பக்’ என்பதற்கு ‘வழு’ என்று பெயர் வைத்தவர்களை நான் மனதார வாழ்த்துகிறேன். இலக்கணத்தில் வழு உண்டு, காரணத்தோடு ஏற்றுக்கொள்ளப்படும் வழுவமைதியும் உண்டு. பழைய நிரல்களைப் பராமரிப்பவர்களுக்கு அந்த வேறுபாடு நன்றாகப் புரியும்.

தனியாகப் படிப்பது கடினம் என்பதும் உண்மைதான். சேர்ந்து படித்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்டையில் இருக்கும் இலங்கையைப் பாருங்கள். திறந்த மூல மென்பொருளை வளர்க்க 2003இல் அங்கே லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் தொடங்கப்பட்டது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின், காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் கணக்கில் வைக்க அங்கே தன்னார்வலர்கள் எழுதிய சஹானா என்ற மென்பொருள், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைப் பெற்றது. கூகுள் 2005இல் தொடங்கிய கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தின் முதல் பத்தாண்டுக் கணக்கில், உலகிலேயே மிக அதிக மாணவர்கள் தேர்வான பல்கலைக்கழகம் கொழும்பை அடுத்த மொறட்டுவைப் பல்கலைக்கழகம். ஓர் ஆண்டு உள்ளே போன அண்ணன்கள் அடுத்த ஆண்டு தம்பிகளைக் கைப்பிடித்து அழைத்துப்போனார்கள் என்பதைத் தவிர அதில் பெரிய மர்மம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இங்கும் சென்னையிலும் காஞ்சியிலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. கணியம் அறக்கட்டளை தமிழிலேயே கற்றுத்தருகிறது. கேள்வியோடு போகிறவரை அவர்கள் திருப்பி அனுப்புவதில்லை.

இப்போது கேட்டதும் நிரல் எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. எழுதுவது மலிந்துவிட்டது, எழுதியது சரியா என்று படித்துச் சொல்பவர்தான் அரிது. இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் மென்பொருளை 1998 முதல் பராமரித்துவரும் டேனியல் ஸ்டென்பெர்க், இந்தக் கருவிகள் புனைந்து தரும் போலி வழு அறிக்கைகளால் தம் நேரம் வீணாவதைப் பலமுறை பொதுவெளியில் சொல்லி வருந்தியிருக்கிறார். படிக்கப் பழகிய மாணவர் அவருக்கு அப்படி ஒன்றை அனுப்ப மாட்டார்.

பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். எட்டுப் பருவங்களில் ஒரே ஒரு பருவத்தின் ஆய்வக வகுப்பை வாசிப்புக்கு ஒதுக்குங்கள். ஒரு திறந்த மூல மென்பொருளை வகுப்பே சேர்ந்து படிக்கட்டும். ரெக்கார்ட் நோட்டில் நிரலுக்குப் பதில் அதன் உரையை எழுதட்டும். எழுதிய உரையிலிருந்து, ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு திருத்தம் பிறந்தால், அதையே இறுதி ஆண்டு ப்ராஜெக்டாக ஒப்புக்கொள்ளுங்கள். கடையில் காசு கொடுத்து வாங்கிவரும் ப்ராஜெக்டை விட அது ஆயிரம் மடங்கு மேல்.

மாணவர்கள் அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். லயன்ஸ் 1998இல் மறைந்தார். அவர் உரை எழுதிய அந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூலநிரல், 2002இல் கட்டற்ற உரிமத்தின் கீழ் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. இன்று கைபேசியில்கூட இறக்கிக்கொள்ளலாம். அதன் மையப்பகுதி மொத்தம் ஏறக்குறைய 9000 வரிகள். நாளுக்கு நூறு வரி படித்தால் மூன்று மாதத்தில் முடிந்துவிடும்.